பதில் எழுதாவிட்டால் சம்மதம்

லோர்னா டாக்கபெரியை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நல்லவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த நல்லதனத்தில் ஒரு கைப்பிடி குறைத்துக்கொண்டிருந்தால் கனடாவின் லோரிமர் ஊரில் கிங் தெருவில் அவள் கடை இன்னும் இருந்திருக்கும். கடைக்கு மேலே அவள் புருஷன் மர்ரேயும் இருந்திருப்பான். நான் பெர்னீஸ். அவளுக்குப் பக்கத்து வாசலில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் ஷூ, இந்தப் பக்கம் ஊரார் அழுக்கு. அதனால் இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

லோர்னா வடக்கே ஒரு மாட்டுப்பண்ணையில் பிறந்தவள். பத்தொன்பது வயதில், கிறிஸ்துமஸ் நெரிசலுக்கு மட்டும் உதவி செய்வதற்காக டாக்கபெரி ஷூ கடைக்கு வந்தாள். முதலாளியின் மகன் மர்ரே அப்போது பேசத் தெரியாத ஆள். தினமும் அவளிடம் வந்து, பூட்ஸ் கடிக்கிறதா, பூட்ஸ் கடிக்கிறதா என்று மட்டும் கேட்பான். ஜனவரியில் அவள் ஊருக்குக் கிளம்பினபோது, போகாதே என்று சொல்ல வராமல், வேறு அளவு தரட்டுமா என்றானாம். அவள் சிரித்துவிட்டுப் பெட்டியை இறக்கி வைத்தாள். பெற்றது ஒரே மகள், கல்யாணமாகி ஆல்பர்ட்டா போய்விட்டாள். கடையில் பண்ணை வேலைக்கான பூட்ஸ், மழை பூட்ஸ், பள்ளிக்கூட ஷூ எல்லாம் இருக்கும். சனிக்கிழமை காலையில் ஐஸ் ஹாக்கி விளையாடும் பிள்ளைகளுக்கு, ஸ்கேட் பூட்ஸின் அடியில் இருக்கும் கத்தியைத் தீட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சத்தத்தில் என் சுவர் அதிரும்.

அவள் குணத்தைச் சொல்ல ஒரு விஷயம் போதும். எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கக் கர்லிங் விளையாடுவோம். ஐஸ் மேல் கல்லை வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும். ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால், பட்டவரே கையைத் தூக்கிச் சொல்லிக் கல்லை எடுத்துவிட வேண்டும். அதற்கென்று நடுவர் யாரும் கிடையாது. பக்கத்து ஊர் கெர்வுட்டோடு இறுதி ஆட்டம், கடைசிக் கல், ஜெயித்துவிட்டோம் என்று நான் குதிக்கிறேன். லோர்னா கையைத் தூக்கிவிட்டாள். பட்டதை ஒரு ஆளும் பார்க்கவில்லை. கெர்வுட்காரர்களே வேண்டாம் விடு என்றார்கள். அவள் விடவில்லை. அந்த வருடம் முழுக்க நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கடைகள் வந்தன. கால்பந்து மைதானம் அளவுக்கு ஒரு கூரை, அதற்குள்ளே டயர், ரொட்டி, பூட்ஸ், கண்ணாடி எல்லாம் கிடைக்கும். முன்னால் வண்டி நிறுத்த அதைவிடப் பெரிய இடம். கிங் தெருவில் முதலில் இரும்புச் சாமான் கடை போனது, பிறகு மருந்துக் கடை, பிறகு சினிமாக் கொட்டகை. மிச்சமிருந்த எங்களைப் பனி தள்ளும் வண்டி தின்றது. நகர மன்றத்து வண்டி தெருவின் நடுவே வழி பண்ணிவிட்டு, பனியையெல்லாம் இரண்டு ஓரத்திலும் இடுப்பளவு மேடாகக் குவித்துவிட்டுப் போய்விடும். வண்டியை விட்டு இறங்குகிறவர் அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் எங்கள் வாசலுக்கு வர வேண்டும். எழுபது வயதுக்காரி ஒரு ஜோடி செருப்புக்காக மலையேறுவாளா? நேரே நெடுஞ்சாலைக்குப் போய்விடுவாள்.

இதெல்லாம் எங்கள் எல்லாருக்கும் வந்த கஷ்டம். லோர்னாவுக்கு மட்டும் வந்தது வேறு. மர்ரேக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு ஒற்றைச் சொல்லாகக் குறைந்துவிட்டது. பார்ட்லெட்டில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பார்ட்லெட் நல்ல ரோட்டிலேயே ஒன்றரை மணி நேரம். லோர்னா கேட்கவில்லை. கடைக்கு மேலேதான் வீடு. மர்ரேக்கு ஏதாவது வேண்டும் என்றால் கைத்தடியால் தரையில் தட்டுவான், இவள் கையில் இருக்கும் பூட்ஸைக் கீழே போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். புருஷன் தட்டுவது காதில் விழுகிற மாதிரி ஒரு வேலை உலகத்தில் அவளுக்கு அது ஒன்றுதான். கடை போனால் வீடும் போகும், மர்ரேயும் போவான். இதை அவள் வாயால் ஒரு தடவைதான் சொன்னாள், என் கடையில் துணி மடித்துக்கொண்டே. சொல்லிவிட்டுத் தலையணை உறையில் முகத்தை வைத்து அழுதாள்.

லோர்னாவின் கடை இருந்த கட்டிடத்தின் சொந்தக்காரர் ரோலண்ட் ஃபிட்ச் டொரன்டோவில் இருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், வரவு செலவு பார்க்கிறவர். கெர்வுட்டிலும் அவருக்குக் கட்டிடம் உண்டு. அங்கே கடைக்காரர்கள் சேர்ந்து வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். இன்ன தெருவிலிருந்து இன்ன தெருவரை என்று எல்லை போட்டு, அதற்குள் இருக்கிற எல்லாரும் சொத்து வரியோடு கூடக் கொஞ்சம் கட்ட வேண்டும். அந்தப் பணம் அவர்களே தேர்ந்தெடுத்த குழுவுக்கு வரும். அந்தத் தெருவுக்கு மட்டும்தான் செலவாகும். கெர்வுட்டில் அதை வைத்து ஆள் போட்டுப் பனி மேட்டை அள்ளினார்கள், விளக்குப் போட்டார்கள், கோடையில் சந்தை நடத்தினார்கள். காலியாகக் கிடந்த கடைகளுக்கு ஆள் வந்தது. ஃபிட்ச் லோர்னாவிடம் போனில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். லோரிமரிலும் வட்டாரம் வந்தால் ஐந்து வருடத்துக்குக் குத்தகை எழுதித் தருவார். வராவிட்டால் பக்கத்து பெட்ரோல் பங்க்காரர் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடுவார். பங்க்காரர் இடித்து வண்டி நிறுத்த இடமாக்குவார்.

அதற்குப் பிறகு லோர்னா ஓடிய ஓட்டத்தை நான் சொல்லி மாளாது. நகர மன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் போய் உட்கார்ந்தாள். வரைபடம் எடுத்துவந்து ஷூ தைக்கும் மெஷின் மேல் விரித்து எல்லை போட்டாள். கவுன்சிலர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் சின்ன வயதில் ஸ்கேட் கட்டிவிட்டவள், மறுக்க முடியவில்லை. புது வருடம் பிறந்ததும் அறிவிப்புகள் தபாலில் போயின. சட்டம் என்ன சொல்கிறது என்றால், வட்டாரத்துக்குள் இருக்கிற கட்டிடக்காரர்களிலும் கடைக்காரர்களிலும் மூன்றில் ஒரு பங்குப் பேர், குறித்த தேதிக்குள், எதிர்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வட்டாரம் கிடையாது. கொடுக்காவிட்டால் உண்டு. எதிர்க்கிறவர்கள் கட்டும் வரியும் அந்த அளவுக்கு வர வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை உண்டு. சினிமாக் கொட்டகைக்காரர்களும் இன்னும் இரண்டு பெரிய கட்டிடக்காரர்களும் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்து அதைத் தாண்ட வைத்துவிட்டார்கள். ஆகவே தலைகளை எண்ணுவது மட்டும்தான் மிச்சம். மொத்தம் ஐம்பத்துநாலு தலை, அதில் பதினெட்டு சேர்ந்தால் முடிந்தது கதை.

நகர மன்றச் செயலர் பாலின் லெடூக் எங்களோடு கர்லிங் விளையாடுகிறவள். அறிவிப்பைத் தபாலில் போட்ட அன்றே லோர்னாவை ஓரமாகக் கூப்பிட்டாள். நானும் கூட இருந்தேன்.

"லோர்னா, இனிமே நீ எதுவும் பண்ணாத. பதில் எழுதலைன்னா சம்மதம்னுதான் எடுத்துக்குவோம். பாதிப் பேர் ஃப்ளோரிடால வெயில் காயுறாங்க, மீதிப் பேர் நகர மன்றத்துத் தபாலைப் பிரிக்கவே மாட்டாங்க. மார்ச் வரைக்கும் வாயை மூடிட்டு இரு."

"அவங்களுக்குத் தெரியாமலா?" என்றாள் லோர்னா.

"தெரியாமலா? தபால் போட்டிருக்கோமே."

"பிரிக்க மாட்டாங்கன்னு நீயே சொல்ற. அப்ப முதுகுக்குப் பின்னாடி பண்ற மாதிரிதானே. அவங்க கையில இருந்து காசு எடுக்கப்போறோம், மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லாம எப்படி?"

பாலின் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? இந்த ஊரில் எல்லாருமே அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரன் வேலியில் ஆணி அடித்தால்கூட முதல்நாள் வந்து சொல்லிவிட்டு அடிப்பான். பேசாமல் ஒரு காரியம் செய்துவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் கழுத்தில் கயிறு கிடக்கும்போதும் அந்த மரியாதையைப் பார்க்கிறவள் இவள் ஒருத்திதான்.

அவள் பட்டர் டார்ட் செய்தாள், வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் ஊற்றிச் சுடும் எங்கள் ஊர்ப் பலகாரம். இரவு மர்ரேயைத் தூங்க வைத்துவிட்டு மாவு பிசைந்து, காலையில் டப்பாவில் அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினாள். இப்படி ஒரு வட்டாரம் வரப்போகிறது, இவ்வளவு கூடக் கட்ட வேண்டியிருக்கும், எனக்கு இது வேண்டும், ஏன் வேண்டும் என்றால் இதனால், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கடைசி வாக்கியத்தை விட்டுத் தொலைடி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதை விட்டால் சொன்னது பாதி உண்மை ஆகிவிடும் என்றாள். எல்லாரும் டார்ட்டை வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும், நல்ல யோசனையா இருக்கே லோர்னா, பார்க்கலாம் என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவர் நல்ல யோசனை, பார்க்கலாம் என்று சொன்னால் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். பிறந்த குழந்தைக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடம் கடையில் நின்று இதே பதிலைக் கேட்டவளுக்கு இப்போது மட்டும் அது சம்மதமாகக் கேட்டது. மாடிக்கு ஓடிப்போய் மர்ரேயிடம், இன்னும் மூணு பேர் சரின்னுட்டாங்க என்பாள்.

ஊரில் இல்லாதவர்களையும் விடவில்லை. ஃப்ளோரிடா நம்பர்களைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பழைய பேக்கரிக் கட்டிடத்துக்காரர் வெர்னன் ஹூப்பர் நீச்சல்குளத்து ஓரம் படுத்திருந்தவர், லோரிமரில் அவருக்கு இன்னும் ஒரு கட்டிடம் இருக்கிறது என்பதையே அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டார். சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா என்றாராம். மறுநாள் காலை மோட்டலிலிருந்து அவருடைய எதிர்ப்பு ஃபேக்ஸில் வந்தது. பாலின் அதை எடுத்துவந்து காட்டியபோது லோர்னா முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், தெரியாம இருந்ததுக்கு இது பரவாயில்லை என்றாள். எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது.

பிப்ரவரி முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொருவரும் எழுதிய விதம் இருக்கிறதே! லோர்னா மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை, டார்ட் பிரமாதம், ஆனாலும் எதிர்க்கிறோம். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் என் கடைக்கு வந்து, துணி காயப்போடும் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பொய்யான ஆளாப் பொறந்திருக்கலாம் பெர்னீஸ் என்றாள். ஒரு காபி போட்டுக் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை.

கடைசி நாள் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே பனிப்புயல். பாலின் போன் செய்தாள். பதினேழு வந்திருக்கிறது, இன்னும் ஒன்று வந்தால் போச்சு, நாலரைக்குக் கதவை மூடுகிறேன், இந்தப் புயலில் எவன் வருவான், தைரியமாக இரு என்றாள். லோர்னா மாடிக்குப் போய் மர்ரேயிடம் சொன்னாள். அன்றைக்குத் தாதி வரும் நாள், அவள் மர்ரேக்குக் கைகால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மர்ரே இடது கையால் லோர்னாவின் கையைப் பிடித்து விடவே இல்லையாம்.

மூன்று மணிக்கு மேல் கடை போன் அடித்தது. எல்ஜின் ஸ்விட்சர். ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் கிழவர், எண்பது தாண்டியவர். கிங் தெரு முனையில் மூடிக்கிடக்கும் தீவனக் கடை அவருடையது. நகர மன்றத் தபாலையெல்லாம் அடுப்பில் போடுகிறவர். வண்டி கிளம்பவில்லை, நகர மன்றம் வரை போக வேண்டும், ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடச் சொன்னாயே என்றார். வருகிறேன் என்று லோர்னா சொல்லிவிட்டாள். புயலில் ஒருவர் வண்டி கேட்டால் எங்கள் பக்கத்தில் எதற்கு என்று கேட்கமாட்டோம். கேட்டு நின்றதில் செத்துப்போனவர்கள் உண்டு.

"இன்னிக்கு, இந்த நேரத்துல, நகர மன்றத்துக்கு எதுக்குடி? டான்ஸ் ஆடவா?" என்றேன்.

"நாய் லைசென்சா இருக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

வண்டி சிக்கினால் தள்ள ஆள் வேண்டும் என்று நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். எல்ஜின் வாசலிலேயே தயாராக நின்றார். நல்ல கோட்டு, சவரம் பண்ணிய முகம். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நெஞ்சுப் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார்.

"உன் வட்டாரத்துக்கு எதிர்ப்புதான் கண்ணு. இன்னிக்குக் கடைசி நாள்னு நீதானே சொன்ன."

கல்லறைத் தோட்டத்து வாசலில் லோர்னா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்ஜின், இதோட பதினெட்டு. இது போனா எனக்குக் கடை இல்லை. கடை இல்லைன்னா மர்ரேயைப் பார்ட்லெட்டுக்கு அனுப்பணும். அவனால என்னைக் கூப்பிடக்கூட முடியாது. உங்க பங்கு வரியை நான் கட்டுறேன், வருஷா வருஷம் கட்டுறேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், அதை உள்ளேயே வச்சுக்குங்க."

கிழவர் நெஞ்சுப் பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "காசு இல்லம்மா விஷயம். பனியள்ளத்தான் நான் ஏற்கெனவே வரி கட்டுறேன். அதையே ரெண்டாவது தடவை கேக்குறாங்க, கொடுத்தா நாளைக்கு மூணாவது தடவை கேப்பாங்க. மர்ரேயை நெனச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இருபது வருஷமா இந்த ஊர்ல என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ வந்து உக்காந்து கேட்ட. கேட்டவளுக்குப் பதில் சொல்லாம இருக்கலாமா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "இந்த ரோட்டுல வண்டி பள்ளத்துல இறங்கினா உன்னை ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க லோர்னா. அஞ்சு மணிக்குள்ள இழுக்கிற வண்டியும் வராது" என்று அவர் காதில் விழவே சொன்னேன்.

"நீ பேசாம இரு" என்றாள்.

எல்ஜின் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போக இஷ்டமில்லைன்னா பரவால்ல. இறங்கி நடந்துக்கிறேன்." சொன்னதோடு நிற்காமல் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். பனி உள்ளே அடித்தது. முழங்காலளவுப் பனி, ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும், அந்த வயதில். பிடிவாதக்காரக் கிழவர், நடந்திருப்பார்.

லோர்னா ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டாள். முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை. அவள் அப்படியே இருக்கட்டும், நேரம் ஓடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கிழவர் பனியில் விழுந்தால் விழட்டும் என்றுகூட நினைத்தேன், எதற்கு மறைக்க வேண்டும். அவள் நிமிர்ந்து மூக்கைத் துடைத்தாள்.

"கதவை மூடுங்க எல்ஜின். குளிர் உள்ள வருது."

நகர மன்ற வாசலில் ஐஸ். அவர் வழுக்கி விழாமல் இருக்கக் கையைப் பிடித்து அவளே உள்ளே கூட்டிப்போனாள். பாலின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்ஜினைப் பார்த்தாள், லோர்னாவைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துவிட்டது. நேரம் ஆகிவிட்டது, மூடியாச்சு என்றாள். பின்னால் சுவரில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"இன்னும் ஆகல பாலின்" என்றாள் லோர்னா.

திரும்பி வரும்போது எல்ஜினுக்கு ரொட்டியும் பாலும் வாங்க வேண்டியிருந்தது. அதற்கும் நிறுத்தினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, நீ நேர்மையான பொண்ணு என்று அவர் அவள் கையைக் குலுக்கினார். மனதாரத்தான் சொன்னார். ஊர் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

மார்ச் கூட்டத்தில் வட்டாரம் கைவிடப்பட்டது என்று வாசித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஃபிட்ச் தானே போன் செய்து வருத்தம் தெரிவித்தார், கட்டிடத்தை விற்றார். மே மாதம் லோர்னா கண்ணாடியில் எல்லாம் பாதி விலை என்று எழுதி ஒட்டினாள். அன்றைக்குக் கிங் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். வண்டி நிறுத்த இடமில்லை. வாசலுக்கு வெளியே வரிசை. எதிர்ப்பு எழுதிய பதினெட்டுப் பேரில் பத்துப் பேராவது வந்திருப்பார்கள், குடும்பத்தோடு. எல்லாரும் அவள் தோளைத் தட்டி, எவ்வளவு நல்ல கடை, இந்த ஊருக்கு இப்படி ஒரு கடை வேணுமே, அநியாயம் என்றார்கள். நான் வாசலில் நின்று உள்ளே போகிறவர்களிடமெல்லாம், நீங்க என்ன எழுதினீங்க, நீங்க என்ன எழுதினீங்க என்று கேட்டேன். லோர்னா வந்து, உன் கடைக்குப் போ பெர்னீஸ், வர்றவங்களுக்குக் கூச்சமா இருக்கு என்று என்னைத் துரத்திவிட்டாள். பிறகு மண்டியிட்டு யாருக்கோ பூட்ஸ் கயிறு கட்டப் போனாள்.

ஜூனில் வேன் வந்து மர்ரேயைப் பார்ட்லெட்டுக்குக் கொண்டுபோனது. வட்டாரம் போனதை அவனிடம் சொல்லவே இல்லை, மாடிப்படி ஒடிந்திருக்கிறது, சரிசெய்யும் வரை அங்கே இரு என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டபோது நான் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கட்டிடத்தை ஜூலையில் இடித்தார்கள். சுவர் பக்கம் என் கடை மொட்டையாக நிற்கிறது, குளிர்காலத்தில் காற்று நேரே அறைகிறது. லோர்னா என் மாடி அறைக்குக் குடிவந்தாள், நெடுஞ்சாலைப் பெரிய கடையில் ஷூ பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அன்றைக்கு இருவரும் பார்ட்லெட் போவோம்.

முதல் ஞாயிறே மர்ரே கேட்டான். "கடை?"

"நல்லா ஓடுது" என்றாள்.

அந்த மாடிப்படியை விட்டால், அவள் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வரவில்லை அவளுக்கு. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. போகப் போகக் கொஞ்சம் தேறினாள். பால்காரர் மகனுக்கு ஸ்கேட் தீட்டிக் கொடுத்தேன் என்றாள், ஐஸே இல்லாத ஆகஸ்ட் மாதத்தில். மர்ரே தலையாட்டினான். டிசம்பரில் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு வார்த்தையை வாய்க்குள் ரொம்ப நேரம் உருட்டி, வெளியே கொண்டுவந்தான். "வட்டாரம்?"

லோர்னா அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "வந்துடுச்சு மர்ரே. வாசல் வரைக்கும் பனியை அள்ளிடறாங்க. ஹூப்பர் வீட்டம்மா நேத்து வந்தாங்க, ஷூவுல ஒரு பொட்டு ஈரம் இல்லை."

அவனுக்கு முகத்தில் ஒரு பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதி முழுக்கச் சிரித்தான். தாதி உள்ளே வந்தபோது லோர்னாவைக் கைகாட்டி, இவள், இவள் என்றான். அதற்கு மேல் சொல் வரவில்லை. பிறகு இருட்டுவதைப் பார்த்து, "போ. கடை" என்று அவளை விரட்டினான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டியில் ஏறிக் கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு, அவன் நம்பினானா பெர்னீஸ் என்று கேட்டாள். நம்பினான்டி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்ன விற்றதாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டே வந்தோம்.